வட்டக் கதவு வீட்டில் இரண்டு இரவுகள்

என் மகளுக்கு ஒன்பது வயது. புல் மூடிய மேட்டுக்குள் வட்டமாக ஒரு பச்சைக் கதவு, வாசலில் லாந்தர், பக்கத்தில் ஆள் உட்காரக்கூடிய சிவப்புக் காளான். அப்படி ஒரு விடுதியின் படத்தை என் போனில் பார்த்த நாளிலிருந்து நாலு மாதமாக "எப்ப போறம்?" என்பதுதான் அவள் பேச்சு. நிகினிப் போயா, அதாவது ஆகஸ்ட் பூரணை விடுமுறை, 2024இல் திங்கட்கிழமையில் வந்ததால் மூன்று நாள் சேர்ந்து கிடைத்தது. இவர், நான், மகள், எழுபத்தொரு வயது மாமி என்று நாலு பேரும் காரில் போய் வந்தோம். ஒவ்வொரு இரவும் படுக்கப் போகுமுன் போனில் எழுதி வைத்ததை இங்கே போடுகிறேன்.

17 ஆகஸ்ட் 2024, சனி

விடிய நாலரைக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து வெளிக்கிட்டோம். கண்டியில் எசல பெரஹெரா ஊர்வலத் திருவிழா முடிகிற நாட்கள் என்பதால் அந்தப் பக்கத்தை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஹைலெவல் வீதியைப் பிடித்து அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலைநாட்டு ஹப்புத்தளை. ஏறத்தாழ 190 கிலோமீட்டர். வழி நெடுக மதில்களில் செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கான சுவரொட்டிகள், பசை காயாமலே மழையில் வழிந்துகொண்டிருந்தன.

அவிசாவளை தாண்டியதும் மழை கொட்டத் தொடங்கியது. ஒரு தகரக் கொட்டிலின் கீழ் ரம்புட்டான் வைத்திருந்த அம்மா, தான் பாதி நனைந்தபடி பழத்தை நனையவிடாமல் பிடித்துக்கொண்டு எண்ணினார். 50 பழம் 600 ரூபாய். எண்ணி முடித்தபிறகு காருக்குள் மகளைப் பார்த்துவிட்டு "பபாட்ட" (பிள்ளைக்கு) என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். சீசன் முடிகிற நேரத்துப் பழம், சிறியதுதான். ஆனால் தேன். இரத்தினபுரி வரை காருக்குள் தோல்தான்.

காலைச் சாப்பாடு பலாங்கொடையில் ஒரு சிறிய முஸ்லிம் ஹோட்டலில். பராட்டா, பருப்பு, முட்டை, பிளேன்டீ, எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். மாமி மாத்திரை எடுப்பதைக் கண்டு, கேட்காமலே சுடுதண்ணீர் கொண்டுவந்து, குடிக்கிற சூடா என்று கிளாசைத் தொட்டுப் பார்த்துக் கொடுத்தார் முதலாளி. மாமி ஹப்புத்தளை போகும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

பெலிஹுல்ஓயா கடந்ததும் மழையை யாரோ வெட்டிவிட்டது போல நின்றது. அதற்குப் பதில் காற்று. கார்க் கதவைத் திறந்தால் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரை இந்த வரண்ட காற்றில் வாடுகிற கொழுந்தில்தான் ஊவாத் தேயிலையின் பேர்போன வாசம் ஏறும். அதைப் படித்திருக்கிறேன். காது அடைக்கிற அளவுக்கு நின்று கேட்டது இதுதான் முதல் தடவை.

பெரகலைச் சந்தியில் இவர் காரை மெதுவாக்கி, கீழே இறங்குகிற பாதையைக் காட்டி, "அதால போனா கொஸ்லந்தை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் அங்கே மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மலை இறங்கி மூடியது. அந்தக் கிழமை முழுக்க வெள்ளவத்தையில் நாங்கள் உடுப்பும் பால்மாவும் சேர்த்துக் கட்டினோம். மாமி கையைக் கூப்பினார்.

விடுதி ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில், பிரதான வீதியில் இருந்து உள்ளே. எந்தக் காரும் வரலாம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். கடைசி ஒரு கிலோமீட்டரில் கொங்கிரீட் உடைந்து கல்லாகக் கிடந்தது. காரை ஒரு கடை வாசலில் விட்டுவிட்டு, ஓட்டோவில் இரண்டு நடையாகப் போனோம். நடைக்கு 500. கடைக்கார அண்ணன் "காரை நாங்க பாத்துக்கிறோம், பயப்படாம போங்க" என்றார். இரண்டு நாளும் அதைத் துடைத்தும் வைத்திருந்தார்.

வீடு படத்தில் பார்த்தது போலவே இருந்தது. மேட்டைக் குடைந்து உள்ளே கட்டி, மேலே மண் போட்டுப் புல் வளர்த்திருக்கிறார்கள். உள்ளே கூரை கவிழ்த்த தோணி மாதிரி வளைந்திருக்கிறது. சுவரில் இரண்டு வட்ட யன்னல். கட்டில்கள் சுவருக்குள் பொந்து பொந்தாக. அடுத்த மேட்டில் மந்திரவாதிக் கோபுரம் ஒன்று, அதற்கும் அங்கால் மரவீடு. தோட்டத்தில் சீமெந்தில் செய்த பறவைநாகம் ஒன்று வாயைத் திறந்தபடி. மகள் சப்பாத்தைக் கழற்றாமலே எல்லாப் பொந்துக்குள்ளும் ஏறி இறங்கிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு இரவுக்கு 32,000 ரூபாய், மாமியின் கட்டிலுக்கு மேலதிகமாக 4,500. நாங்கள் சாதாரணமாகச் செலவழிக்கிற காசு இல்லை. ஆனாலும் அந்த நேரம் அது மனதில் நிற்கவில்லை.

இவர் உள்ளே நுழையும்போதே நெற்றியை நிலையில் இடித்துக்கொண்டார். மாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை, மண்ணுக்குள்ள படுக்கிற மாதிரி எல்லோ இருக்கு."

இரவுச் சாப்பாடு தலைக்கு 2,800. கூர்த்தொப்பி போட்ட ஒரு தம்பி தட்டைக் கொண்டுவந்து, ஆங்கிலத்தில் மனப்பாடம் பண்ணிய வரவேற்பு ஒன்று சொன்னார். மாமி தமிழில் "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டதும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இந்தத் தோட்டந்தாங்கம்மா." பிறகு நாங்கள் இருந்த இரண்டு நாளும் எங்கள் முன்னால் அவர் அதைப் போடவில்லை. சாப்பாடு அவித்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, ஒரு வெள்ளைச் சூப். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. மகளே பாதியில் தட்டைத் தள்ளிவிட்டாள்.

இப்போது பத்து மணி. வெளியே காற்று ஊளையிடுகிறது. மண் கூரைக்குள் அது தூரத்துக் கடல் மாதிரிக் கேட்கிறது. குளிர் நல்லாகவே இருக்கிறது. மாமி முழித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

லிப்டன் சீட்டில் சூரியன் எழும்புவதைப் பார்க்கவென்று நாலரைக்கு ஓட்டோ சொல்லியிருந்தோம். எழும்பி, உடுத்து, வெளிக்கிட்டால் கதவு திறக்கவில்லை. இரவுக் காற்றில் அடிபட்டு அடிபட்டு, வட்டக் கதவு நிலைக்குள் இறுகிவிட்டது. இவர் தோள் கொடுத்துப் பார்த்தார், அசையவில்லை. விடுதி நம்பருக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை. மாமிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் என் கையைப் பிடித்த பிடியில் தெரிந்தது.

வட்ட யன்னலில் நுழையக்கூடிய ஒரே ஆள் மகள்தான். போன் வெளிச்சத்தைக் கையில் கொடுத்து இறக்கிவிட்டோம். அந்த இருட்டில், அந்தக் காற்றில், "தாத்தா! தாத்தா!" என்று கூப்பிட்டபடி காவல் கொட்டிலுக்கு ஓடினாள். அவள் குரல் தூரமாகத் தூரமாக எனக்கு வயிறு பிசைந்தது.

காவல்கார ஐயா வந்தார். தலையில் மப்ளர், தோளில் சாக்கு, கையில் கொக்கி போல முனை வளைந்த ஒரு கத்தி. "ஒதுங்கிக்கங்கம்மா, கதவு பக்கம் நிக்காதீங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, கத்தி நுனியை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் விட்டு மெல்ல நெம்பினார். மரம் கிறீச்சிட்டுக் கதவு விலகியது. முதலில் மாமியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காளானில் இருத்தி, தன் சாக்கை அவர் தோளில் போர்த்தினார். அதற்குப் பிறகுதான் கத்தியைத் துடைத்து, ஒரு தடவை நெற்றியில் ஒற்றிக்கொண்டு இடுப்பில் செருகினார். ஒரு கதவைத் திறந்த கத்திக்கு ஏன் கும்பிடு என்று மகள் கேட்டாள். "சாயங்காலம் வா பாப்பா, சொல்றேன்."

சூரியன் எங்களுக்காக நிற்கவில்லை. நாங்கள் தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையைக் கடக்கும்போதே நன்றாக விடிந்துவிட்டது. 1890இல் தாமஸ் லிப்டன் இந்தத் தோட்டங்களை வாங்கிப் போட்ட தொழிற்சாலை அது. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் தேயிலைக்குள்ளாகவே வளைந்து வளைந்து ஏறினால் அவர் உட்கார்ந்து தன் மலைகளைப் பார்த்த இடம். இப்போது வெண்கலத்தில் அவரையே உட்காரவைத்திருக்கிறார்கள். போய்வர ஓட்டோவுக்கு 4,000. காற்றில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஆனால் தெற்கே பார்த்தால் மலை மடிந்து மடிந்து இறங்கி, சமவெளி நீலமாக விரிகிறது. உச்சியில் இருக்கிற சின்னக் கடையில் கல்லில் இருந்து எடுத்த ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும். எங்கள் விடுதியின் இரவுச் சாப்பாட்டைவிட ஆயிரம் மடங்கு.

ஞாயிறானாலும் மலையில் ஆள் இருந்தது. கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறோம் என்றார்கள். அதாவது இன்றைக்கு நாட்சம்பளம் இல்லை, எடுத்த கிலோவுக்குத்தான் காசு. என் வயதிருக்கும் ஒரு அக்கா, விரல் நிற்காமலே எங்களோடு கதைத்தார். கிழமை நாட்களில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழுமாம். நாட்சம்பளம் 2021இல் ஆயிரமானது. இந்த ஏப்ரல் கடைசியில் 1,700 என்று வர்த்தமானி வந்து, வழக்குக்குப் போய், போன கிழமைதான் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று பேச்சு முடிந்திருக்கிறது. "பேச்சு முடிஞ்சிருச்சு. கைக்கு வரட்டும்" என்றார். நாங்கள் படுத்த வீட்டின் ஒரு இரவு வாடகை, இப்போது அவர் கைக்கு வருகிற ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அதை நினைத்தபிறகு கொஞ்ச நேரம் எனக்குக் கதை வரவில்லை. அவரோ மகளைக் கூப்பிட்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று அவள் விரலைப் பிடித்துக் காட்டினார். நகம் படக்கூடாது, விரல் சதையால் ஒடிக்க வேண்டும். மகள் ஏழு கொழுந்து எடுத்தாள். ஏழையும் எண்ணித் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் விடுதிச் சமையலறைக்கு நானே போனேன். "அக்கா, நீங்கள் உங்களுக்கு என்ன சமைக்கிறீர்களோ அதையே எங்களுக்கும் தாங்கோ, காசு அதே காசு" என்றேன். சமையல்கார அக்கா முதலில் தயங்கினார். முதலாளி கொழும்பில் இருக்கிறார், மெனுவை மாற்றினால் ஏசுவார் என்று பயம். வருவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மாமி அடித்துச் சொன்னதும் சிரித்துவிட்டு மாவை எடுத்தார். தேங்காய்ப்பூப் போட்ட தடித்த ரொட்டி, அம்மியில் அரைத்த கட்டைச் சம்பல், பின்பக்க வேலியில் பறித்த சௌசௌவும் பருப்பும் போட்ட கறி, நெத்தலிப் பொரியல். சௌசௌவை வெட்டியதும் இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று உரசி, நுரை மாதிரி வருகிற பாலை வழித்து எறிந்தார். அப்படிச் செய்யாவிட்டால் கை பிசுபிசுத்துத் தோல் உரியுமாம். எனக்கு இத்தனை வருடம் தெரியாது. மாமி மூன்று ரொட்டி சாப்பிட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே மாமி அவரிடம் கேட்டார், இந்த மண் கூரையின் கீழ் நீங்கள் படுப்பீர்களா என்று.

"நானா? மாட்டேம்மா. மீரியபெத்தைக்குப் பொறகு ராத்திரி பெரிய மழைன்னா எங்க லயத்துல யாரும் தூங்குறதில்ல. பிள்ளைங்கள எழுப்பிக் கோயில்ல கொண்டு வச்சிருவோம். மண்ணு எங்களுக்குக் கீழதாம்மா இருக்கணும்."

ரொட்டியைத் திருப்பிப் போட்டபடிதான் சொன்னார். இவர் உடனே எழும்பிப் போய் விடுதிக்காரத் தம்பியோடு கதைத்து, மாமியையும் மகளையும் என்னையும் மேலே மரவீட்டுக்கு மாற்றினார். அன்று அது வெறுமையாக இருந்தது, மேலதிகக் காசு கேட்கவில்லை.

சாயங்காலம் மகள் மறக்கவில்லை. காவல்கார ஐயா கொட்டிலுக்குப் பின்னால் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சவுக்கு மரத்தடியில் முழங்கால் உயரக் கல், மஞ்சளும் குங்குமமும் காய்ந்து கிடந்தது. முன்னால் துருப்பிடித்த பழைய கத்தி ஒன்று மண்ணில் குத்தி நின்றது. கவ்வாத்துச் சாமி.

அவர் முப்பது வருடம் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியை மூன்று நாலு வருடத்துக்கு ஒருதடவை இடுப்பளவுக்கும் கீழே வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மரமாகிவிடும். அந்த வேலை தொடங்குகிற நாளில் எல்லோர் கத்தியையும் இந்தக் கல்லுக்கு முன் அடுக்கி, பூசை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மலையில் இறங்குவார்களாம். காலில் கத்தி பாயக்கூடாது, பாம்பு தீண்டக்கூடாது, வெட்டின செடி துளிர்க்க வேண்டும்.

"அப்ப தேயிலை ஸ்டோருக்கு?" என்று தொழிற்சாலையைக் கேட்டாள் மகள்.

"அங்க ரோதமுனி."

ரோதை என்றால் சக்கரம். தொழிற்சாலையில் பெரிய ரோதை சுற்றுகிற இடத்தில் முனி இருக்கிறதாம். அவருடைய அப்பா காலத்தில் ராத்திரி வேலைக்காரர்கள் முனியைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். பட்டி கழன்று ரோதை நின்ற பிறகும் சில ராத்திரி அது சுற்றுகிற சத்தம் கேட்குமாம். சுருட்டு வாசம் வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். "பயப்படத் தேவையில்ல பாப்பா. அது நம்ம கையை ரோதைக்குள்ள போகாம பாத்துக்கிறதுக்குத்தான் நிக்குது."

"முனிக்குக் கால் எப்படி இருக்கும்?"

"காலு இருக்கும். தரையில படாது."

நிலா அப்போதுதான் எழும்பியது, பூரணைக்கு ஒரு நாள்தான் குறை. மகள் காளானையும் பறவைநாகத்தையும் திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்தக் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து கேள்விமேல் கேள்வி கேட்டாள். ஒன்றரை மணி நேரம். அவர் ஒன்றுக்கும் சலிக்கவில்லை.

இதை எழுதத்தான் எனக்கு ஆசை. வேறு தேசத்துக் கதையில் வருகிற குள்ளர் வீட்டை அப்படியே கொண்டுவந்து இந்த மலையைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கிறது, அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் வாசலில் இருந்து ஐம்பது அடியில் கவ்வாத்துச் சாமி இருக்கிறார், அவர் கதை தெரிந்த மனிதர் கூலிக்குக் காவல் இருக்கிறார், விருந்தாளிகளுக்கு அவரை யாரும் காட்டுவதில்லை. கேட்டேன். "நாலு வருசமா இருக்கேம்மா, கேட்ட மொத ஆளு பாப்பாதான்" என்றார். இங்கே விடுதி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ராத்திரியில் ஒரு மணி நேரம் இப்படி ஒருவரை உட்காரவைத்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். அதற்கென்று தனியாக, நல்ல சம்பளம் கொடுங்கள். நான் திரும்ப வருவேன். இன்னும் பத்துக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டும் வருவேன்.

19 ஆகஸ்ட் 2024, திங்கள், போயா

மரவீட்டில் மாமி காலை ஏழு மணி வரை அயர்ந்து தூங்கினார்.

கதவைப் பற்றி விடுதி அலுவலகத்தில் சொன்னோம். கிழவி ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டால், அல்லது நெருப்புப் பற்றினால் என்ன செய்வது, இரவு போனை எடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று இவர் கோபப்படாமல் எழுதியே கொடுத்தார். 3,000 ரூபாய் குறைத்தார்கள். அதை அப்படியே காவல்கார ஐயாவிடம் கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றவரை மாமிதான் சம்மதிக்க வைத்தார். வெளிக்கிடும்போது அவர் மகளைக் கல்லடிக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசி அனுப்பினார்.

போயா நாளில் ஆடிஷாம் பங்களா திறந்திருக்கும் என்பதால் அங்கேயும் போனோம். 1931இல் கட்டி முடித்த கருங்கல் மாளிகை. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தன் தகப்பன் மதகுருவாக இருந்த ஆடிஷாம் என்ற ஊரின் பேரையே வைத்து, அந்தப் பகுதி லீட்ஸ் கோட்டையை நினைத்துக் கட்டினாராம். ஒரு மனிதனுக்குத் தன் ஊர் நினைப்பு எவ்வளவு இருந்தால் இத்தனை கல்லை மலைமேல் ஏற்றச் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். ஏற்றினவர்களுக்கும் ஓர் ஊர் இருந்திருக்கும். இப்போது அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அமைதியாக, துப்புரவாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்து விற்கிற கொய்யா ஜெலி இரண்டு போத்தல் வாங்கினோம். சனம் நிறைய, கார் நிறுத்த அரை மணி நேரம்.

சமையல்கார அக்கா பேப்பரில் சுற்றிக் கொடுத்த ரொட்டியை பெலிஹுல்ஓயாவில் ஆற்றங்கரையில் இருந்து சாப்பிட்டோம். நாலு மணி நேரம் கழித்தும் மெத்தென்று இருந்தது. காசு கொடுக்கப் போனபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அடுத்த தடவை வரும்போது பாப்பாவோட பழைய கதைப் புஸ்தகம் இருந்தா எங்க சின்னவளுக்குக் கொண்டு வாங்க" என்றிருந்தார். அவள் விலாசத்தை மாமி தன் மாத்திரைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். இந்தக் கிழமையே அனுப்ப வேண்டும்.

இரத்தினபுரியில் திரும்பவும் மழை. அவிசாவளையில் வாகன நெரிசல். வீட்டுக்கு வர இரவு ஒன்பது. கதவைத் திறந்ததும் கடல் ஈரமும் புழுக்கமும் முகத்தில் அடித்தது. மகளை முகம் கழுவச் சொன்னேன், திருநீறு போய்விடும் என்று மாட்டேன் என்றுவிட்டாள். சரி என்று விட்டுவிட்டேன்.

பத்து மணிபோல் கரையோரப் பாதையில் ரயில் போனது. ஒவ்வொரு நாளும் போகிறதுதான், நாங்கள் யாரும் கவனிப்பதில்லை. மகள் பாதித் தூக்கத்தில் எழும்பி உட்கார்ந்து, "அம்மா, ரோதை" என்றாள். "ஓம், ரோதைதான்" என்றேன். யன்னல் பக்கம் தள்ளிப்போய் இடம் விட்டுப் படுத்துக்கொண்டாள்.